ஆறாத புண்ணும் அலுத்துப்போன வெள்ளையணுக்களும்

"எதிர்ப்புச் சக்தி" என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. 2020-இல் கொரோனா வந்தாலும் வந்தது, கஷாயப் பொடியிலிருந்து பிஸ்கட் வரைக்கும் எல்லாவற்றின் மேலும் இந்தச் சொல்லை ஒட்டிவிட்டார்கள். எங்கள் திருப்பனந்தாள் கடைத்தெருவில் எந்த உடம்புக் கோளாறைச் சொன்னாலும் பக்கத்தில் நிற்பவர் ஒருவர், "எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கும், அதை ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஏதோ போர்செட் மோட்டார் மாதிரி. ஹெச்.பி. கூடினால் தண்ணீரும் கூடக் கொட்டும் என்பது கணக்கு.

நுண்ணுயிரியல் படிக்கிற மாணவன் என்ற முறையில் இதற்கு ஒரு மறுப்பு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பொதுவாகப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஒரு நோயையே எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்.

என் கட்சி இதுதான். அந்தப் புண்ணில் எதிர்ப்புச் சக்திக்குப் பஞ்சமே இல்லை. படை வந்து குவிந்து கிடக்கிறது. ஆனால் எதிரி கோட்டைக்குள் இருக்கிறான், உள்ளே போக வழி இல்லை. இது புரியாமல் நாம் மாத்திரைக்கு மேல் மாத்திரை விழுங்குகிறோம், கடைசியில் காலை எடுக்கிறோம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் என்கிற நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். பல வருஷம் கட்டுப்படாத சர்க்கரை, காலிலுள்ள நரம்புகளைக் கெடுக்கிறது. கால் மரத்துப்போகிறது. சிலருக்கு ரத்தக்குழாயும் அடைத்துக்கொள்கிறது. முள் குத்தினால் தெரியாது, செருப்புக் கடித்தால் தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றிவந்து, வீட்டில் வந்து பார்த்தால்தான் உள்ளங்காலில் கொப்புளம் இருப்பது தெரியும். எங்கள் பக்கம் வேலை சேற்றில், நடை வரப்பில். நடவு சமயத்தில் சேற்றுப்புண் இல்லாத விரலிடுக்கே கிடையாது. சாதாரண ஆளுக்கு அது பத்து நாளில் ஆறும். சர்க்கரைக்காரருக்கு அதுவே வாசல்.

அந்த வாசல் வழியாக யார் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பாக்டீரியா என்றதும் நம் மனசில் வருவது பாடப்புத்தகப் படம். தனித்தனியாக நீந்துகிற குச்சிகள், உருண்டைகள். நிஜத்தில் அவை அப்படித் தனியாக இருப்பது குறைவு. எங்காவது ஒட்டிக்கொண்டு, ஒரு கோழையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருப்பதுதான் அவற்றுக்குப் பிடித்த வாழ்க்கை. கோயில் குளத்தில் தண்ணீருக்குள் இருக்கும் படியில் கால் வைத்தால் வழுக்குமே, அந்த வழுவழுப்பு பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து கட்டிய படலம். காலையில் பல் தேய்க்கும் முன் நாக்கால் தடவினால் பல்லில் தட்டுப்படுவதும் அதுதான். இதற்குப் பயோஃபிலிம் என்று பெயர். நான் படலம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1680-களில் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லேவன்ஹூக் தன் பல்லிலிருந்து சுரண்டிய அழுக்கைத் தன் லென்ஸில் வைத்துப் பார்த்தார். உயிர்கள் நெளிந்தன. வினிகர் விட்டுக் கொப்பளித்துப் பார்த்தார். அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவைதான் செத்தன, உள்ளே இருந்தவை செத்தபாடில்லை. படலத்தின் முழுக் கதையும் அந்த ஒரு கவனிப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் கோக், பாஸ்டர் காலத்துக்குப் பிறகு பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து, குழம்பில் நீந்தவிட்டுப் படிப்பதே வழக்கமாகிவிட்டது. பில் காஸ்டர்டன் என்கிற கனடாக்காரரும் அவருடைய சகாக்களும் 1978-இல் எழுதிய பிறகுதான் 'ஒட்டிக்கொண்டு வாழ்வதே பாக்டீரியாவின் வழக்கம்' என்பது மறுபடி பேச்சுக்கு வந்தது.

ஆறாத புண்ணில் இந்தப் படலம் உண்மையிலேயே இருக்கிறதா? 2008-இல் அமெரிக்காவில் மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தார்கள். நாள்பட்ட புண்கள் 50-இல் 30-இல் படலம் இருந்தது. புதுப்புண்கள் 16-இல் ஒன்றே ஒன்றில். சின்ன ஆய்வுதான். ஆனால் வித்தியாசம் சின்னதில்லை.

இனி நம் ஆட்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'பாலிமார்ஃப்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அவைதான் நியூட்ரோஃபில்கள், வெள்ளையணுக்களில் முன்வரிசைப் படை. ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை எலும்பு மஜ்ஜை உற்பத்தி செய்து அனுப்புகிறது. ரத்தத்தில் அவற்றின் ஆயுள் பெரும்பாலும் ஒரு நாளைத் தாண்டாது. எங்காவது காயம் பட்டால் அங்கிருந்து கசியும் ரசாயன வாடையைப் பிடித்துக்கொண்டு, ரத்தக்குழாய்ச் சுவரைப் பிளந்து வெளியேறி, பாக்டீரியாவைத் துரத்திப் பிடித்து விழுங்கும். விழுங்கி, வயிற்றுக்குள் வைத்து ப்ளீச்சிங் பவுடர் ரகத்து ரசாயனத்தால் கொல்லும். (நிஜமாகவே அது ஹைப்போகுளோரைட் சம்பந்தப்பட்ட சமாச்சாரம்தான். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் கலக்கிறோமே, அதன் சொந்தக்காரன்.) அணுக்கள் இப்படி விழுங்குவதை முதலில் புரிந்துகொண்டவர் ரஷ்யரான மெச்னிக்கோவ். 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ஒரு முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. 1908-இல் நோபல் பரிசில் பாதி அவருக்கு, பாதி எர்லிஹுக்கு.

விழுங்குவதுதான் இந்தப் படையின் முக்கிய ஆயுதம். படலம் அதைத்தான் பொய்யாக்குகிறது. ஒரு ஸ்டாஃபிலோகாக்கஸ் உருண்டையின் குறுக்களவு ஒரு மைக்ரான். நியூட்ரோஃபில் 12 முதல் 15 மைக்ரான். லபக்கென்று முழுங்கலாம். ஆனால் புண்ணுக்குள் இருக்கும் படலக் கட்டிகள் 200 மைக்ரான் வரைக்கும் போகின்றன. பூனை எலியைப் பிடிக்கும், எருமை மாட்டை என்ன செய்யும்? நியூட்ரோஃபில் அந்தக் கட்டியின் மேல் ஒட்டிக்கொண்டு வாயைப் பிளக்கிறது, முழுங்க முடியவில்லை. முழுங்க முடியாத கோபத்தில், உள்ளே வைத்துக் கொட்ட வேண்டிய விஷத்தை எல்லாம் வெளியே கொட்டுகிறது. கோழைக்குள் இருப்பவனுக்கு அது அதிகம் உறைக்காது. பக்கத்தில் இருக்கும் நம் சதைதான் வேகிறது. நியூட்ரோஃபில் கொட்டும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகள், புண் மூட வேண்டி உடம்பு புதிதாகப் போடும் புரத இழைகளையே அறுத்துத் தள்ளுகின்றன. ஒரு பக்கம் கொத்தனார் சுவர் எழுப்புகிறார், மறுபக்கம் நம் சிப்பாயே இடிக்கிறான்.

இன்னொரு ஆயுதமும் உண்டு. 2004-இல் பெர்லினில் ஸிக்லின்ஸ்கியின் குழு கண்டுபிடித்தது. நியூட்ரோஃபில் தன் டி.என்.ஏ.வையே இழைஇழையாக வெளியே வீசி வலை போடும், அந்த வலையில் பாக்டீரியா சிக்கும். வலை வீசுகிற நியூட்ரோஃபில் பெரும்பாலும் செத்துப்போகிறது. தற்கொலைப்படை என்றே சொல்லலாம். இதைப் படித்தபோது நான் அசந்துபோனேன். ஆனால் எதிரி அசரவில்லை! ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இந்த வலையை ஒரு நொதியால் அறுக்கிறது. அறுத்த டி.என்.ஏ. துண்டுகளை இன்னொரு நொதியால் விஷமாக மாற்றுகிறது. அந்த விஷம், அடுத்து வரவேண்டிய பெருவிழுங்கி அணுக்களான மேக்ரோஃபேஜ்களைக் கொல்கிறது. 2013-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் வெளியான சங்கதி இது. நம்மவன் வீசிய வலையைக் கொண்டே நம்மவனுக்குத் தூக்குக்கயிறு.

சூடோமோனாஸ் வேறு ரகம். பச்சை நிறச் சீழும் ஒரு மாதிரி இனிப்பு வாடையும் வந்தால் அது இவன் கைவரிசையாக இருக்கலாம். இவர்கள் கூட்டம் கூடும்வரை சத்தம் போடமாட்டார்கள். ஒருவருக்கொருவர் ரசாயனச் சமிக்ஞை அனுப்பித் தலையெண்ணிக்கொள்வார்கள். போதுமான எண்ணிக்கை சேர்ந்ததும் ராம்னோலிப்பிட் என்கிற சோப்பு மாதிரியான ஒரு பொருளைச் சுரப்பார்கள். பக்கத்தில் வந்த நியூட்ரோஃபில் வெடித்துச் சாகும். செத்த நியூட்ரோஃபிலின் டி.என்.ஏ. பிசுபிசுவென்று படலத்தோடு சேர்ந்து அதற்கே பூச்சு மண்ணாகிவிடும். அதாவது, நாம் அனுப்புகிற ஒவ்வொரு புதிய படையும் கோட்டைச் சுவருக்கு ஒரு வரிசைச் செங்கல்.

இந்த நிலைமையில் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு" என்றால் என்ன அர்த்தம்?

சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது கதை இன்னும் மோசம். சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் நியூட்ரோஃபில் சரியாக வாடை பிடிப்பதில்லை, விழுங்குவதிலும் கொல்வதிலும் மந்தம். ஆனால் ஒன்றில் மட்டும் படு சுறுசுறுப்பு: கண்டபடி வலை வீசுவதில். 2015-இல் பாஸ்டனில் நடந்த ஒரு ஆய்வில், சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்கு டி.என்.ஏ.வை அறுக்கும் மருந்து கொடுத்து அந்த வலைகளை அகற்றியபோது புண் சீக்கிரம் ஆறியது. எலிக்கு ஆறியது என்பதால் நாளைக்கே நமக்கும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்லவருவது, தற்காப்பே தடையாகிவிடும் இடம் ஒன்று இருக்கிறது என்பதுதான்.

எங்கள் ஊர்க் கோயில் கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த அரசன் யானைகளையும் சேனையையும் கொண்டு இழுத்துப் பார்த்தான், நிமிரவில்லை. குங்கிலியக் கலயர் வந்து தன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தார், நிமிர்ந்தது. பக்திக் கதையை விஞ்ஞானத்தில் கொண்டுவந்து சொருகுகிறான் என்று திட்டாதீர்கள். யானை பலத்துக்கு மசியாத காரியம் உண்டு என்று ஊரில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, நம்மவர்களால் முடியவில்லை, ஆன்டிபயாடிக் கொல்லாதா?

எங்கள் செய்முறை வகுப்பில் ஒரு சோதனை செய்வோம். தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, மருந்து தடவிய காகித வில்லைகளை வைத்து, மறுநாள் வில்லையைச் சுற்றி எவ்வளவு அகலத்துக்கு வளர்ச்சி இல்லை என்று ஸ்கேலால் அளப்போம். அகலம் போதுமானால் 'சென்சிட்டிவ்' என்று எழுதுவோம். ஆஸ்பத்திரி கல்ச்சர் ரிப்போர்ட்டிலும் இதே முறையோ, இதன் மெஷின் வடிவமோதான். இதே வகுப்பில் இன்னொன்றும் செய்வோம். அதே பாக்டீரியாவைக் கண்ணாடிக் குழாயில் ஒருநாள் வளரவிட்டு, குழம்பைக் கொட்டிவிட்டு, கழுவி, ஊதாச் சாயம் விட்டால் குழாயின் உள்சுவரில் வளையமாகச் சாயம் பிடிக்கும். அதுதான் படலம். கழுவினாலும் போகாது.

முதல் சோதனையில் அளந்தது தட்டில் தளர்வாகக் கிடக்கும் பாக்டீரியாவை. புண்ணில் இருப்பது இரண்டாவது ரகம். படலத்துக்குள் இருப்பதைக் கொல்ல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம், அந்த அளவை மனிதனுக்குக் கொடுக்க முடியாது. உள்ளே ஆக்சிஜன் கிடையாது. இருந்த கொஞ்சத்தையும் சுற்றி நிற்கும் நியூட்ரோஃபில்களே குடித்துத் தீர்த்திருக்கும். அதனால் உள்ளிருக்கும் பாக்டீரியா வளராமல் தூங்குகிறது. பல ஆன்டிபயாடிக்குகள் வளர்கிறவனைத்தான் கொல்லும், தூங்குகிறவனை அல்ல. அதோடு, 2009-இல் டென்மார்க்கில் செய்த ஆய்வில் ஸ்டாஃபிலோகாக்கஸ் புண்ணின் மேலாகவும் சூடோமோனாஸ் ஆழத்திலும் இருப்பதைக் கண்டார்கள். மேலோட்டமாகப் பஞ்சால் துடைத்து எடுத்த மாதிரியில் கீழே இருப்பவன் மாட்டாமலே போகலாம். ரிப்போர்ட்டில் 'சென்சிட்டிவ்' என்றிருக்கும், கால் மட்டும் ஆறாது. நோயாளி டாக்டரைச் சந்தேகப்படுவார், டாக்டர் நோயாளியைச் சந்தேகப்படுவார்.

என் பெரியப்பாவுக்கு இப்படித்தான் நடந்தது. வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஆணி மாதிரி தடித்திருந்தது, அதன் கீழே புண். ஒரு மருந்துக்கடையில் கேட்டு ஐந்து நாள் மாத்திரை. பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் வேறு நிறத்தில் ஏழு நாள் மாத்திரை, தினம் ஒரு ஊசி. இடையில் வீட்டில் மஞ்சள், ஒருநாள் காபித்தூள். மூன்று மாதத்தில் நான்கு வகை ஆன்டிபயாடிக். இத்தனை பேரில் ஒருவர்கூட அந்த ஆணியைச் செதுக்கி எடுத்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பிறகு வெளியூரில் ஒரு டாக்டர் முதல் நாளே செய்த வேலை அதுதான். தடித்த தோலையும் செத்த சதையையும் வெட்டிச் சுத்தம் செய்து, ரத்தம் கசியும் உயிருள்ள சதை தெரியும்வரை போனார். பெரியப்பாவுக்கு வலிக்கவே இல்லை. மரத்த கால் அல்லவா. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தலை சுற்றியது. வாராவாரம் அதையே செய்தார்கள். சர்க்கரைக்கு இன்சுலின். காலில் பாரம் ஏறாதபடி கட்டு. கால் தப்பியது. ஒரு விரல் போய்விட்டது.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளில் உள்ள குர்குமின் பாக்டீரியாவின் சமிக்ஞைகளைக் குழப்புகிறது என்று ஆய்வகத் தட்டுகளில் காட்டியிருக்கிறார்கள். நம் பாட்டிமார்களின் அறிவு என்று நானும் பெருமைப்பட்டுக்கொள்வேன். ஆனால் தட்டு வேறு, கால் வேறு. ஆழமான புண்ணில் மஞ்சள்பொடியை அடைத்தால் அடியில் என்ன நடக்கிறது என்பது டாக்டருக்கும் தெரியாமல் மறைந்துவிடும். காபித்தூளுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. அதைக் காபிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெட்டிச் சுத்தம் செய்வதால் என்ன லாபம்? கோட்டையைக் கையாலேயே இடிப்பதுதான் லாபம். படலத்தின் பெரும்பகுதி கத்தியோடும் சுரண்டியோடும் வெளியே போகிறது. மிச்சம் மீதி சிதறிக் கிடக்கிறது. சிதறிய பாக்டீரியா விழித்துக்கொண்டு வளரத் தொடங்கும். அப்போதுதான் அது ஆன்டிபயாடிக்குக்கும் மசியும், நியூட்ரோஃபிலின் வாய்க்கும் அடங்கும். ஓரிரு நாளில் மறுபடி படலம் கட்டத் தொடங்கிவிடுவதால் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. நம் படைக்கு அந்த ஓரிரு நாள் இடைவெளிதான் வாய்ப்பு. சர்க்கரையைக் குறைப்பது சிப்பாய்க்குக் கண்ணைத் திறந்துவிடுவது மாதிரி. ரத்தக்குழாய் அடைத்திருந்தால் அதைச் சரிசெய்வது, அவன் வருகிற சாலையைத் திறப்பது. (இதனால்தான் ரத்த ஓட்டம் எப்படி என்று பார்க்காமல் யாரும் வெட்டக் கூடாது. வீட்டில் பிளேடால் ஆணி சீவுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.)

காலில் பாரம் ஏறாமல் பார்ப்பது என்ற மூன்றாவது விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் அதைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1914-இல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது நோயால் சதையே கெட்டு அழுகுவதால்தான் என்று அப்போது நம்பினார்கள். பிராண்ட் பார்த்தது வேறு. சதை நன்றாகத்தான் இருக்கிறது, வலி தெரியாததால் அவர்கள் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறார்கள். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைக் கால் முழுதும் பரவவிட்டால் அதே புண் ஆறியது. வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் இந்த வேலை வளர்ந்தது. 1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரைக்காரர்களின் மரத்த காலுக்கும் இதே வைத்தியம் பொருந்தும் என்று அங்கே காட்டினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க உள்ளங்கால் சர்க்கரைப் புண்ணுக்கு முழுத்தொடு மாவுக்கட்டுதான் முதல்தர வைத்தியம் என்கிறார்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் பெரும்பாலான புண்கள் சில வாரங்களில் மூடுகின்றன. கட்டுக்குள் புது மருந்து எதுவும் கிடையாது. உடம்பு ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையை மிதித்துக் கெடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவே.

வேலூரில் தொழுநோயாளிகள் கற்றுக்கொடுத்த பாடம் அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. வேலூரிலிருந்து திருப்பனந்தாளுக்குத்தான் இன்னும் முழுசாக வரவில்லை!

இதை ஊரில் ஒருவரிடம் சொன்னேன். நடவாள், ஐம்பது வயதிருக்கும், குதிகாலில் வெடிப்பும் புண்ணும். "தம்பி, ஆறு வாரம் காலைக் கீழ வைக்காதேன்னா சோறு யாரு போடுறது? செருப்பு மாட்டிக்கிட்டுச் சேத்துல எறங்க முடியுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கேள்வியைத் தாண்டிப்போகிற எந்தக் கட்டுரையும் ஏமாற்று வேலை. குறுவையோ சம்பாவோ, நடவுக் கூலி நடவு நாளில்தான் வரும். மாத்திரை ஏன் இவ்வளவு பிரபலம் என்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகலாம். ஓய்வுக்குக் கூலி கிடையாது. அதனால் மக்களை "அறியாமை" என்று திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கும் அந்த ஆறு வாரத்துக்கு அரசு ஒரு தொகை கொடுத்தால், துண்டித்த காலுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கொடுக்கும் உதவித்தொகையைவிட அது குறைவாகத்தான் ஆகும். இது என் அபிப்பிராயம்.

ஆன்டிபயாடிக்குக்கு நான் விரோதி இல்லை. புண்ணைச் சுற்றிச் செம்மை பரவினால், எலும்பைத் தொட்டுவிட்டால், காய்ச்சல் வந்தால் அது இல்லாமல் உயிரே போய்விடும். அப்படிப்பட்ட நாளில் அது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நாளில் வேண்டாம் என்கிறேன். 2014 மார்ச்சிலிருந்து எச்-1 அட்டவணை என்று ஒரு விதி இருக்கிறது. அதில் சேர்ந்த வீரிய ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடைக்காரர் பதிவேடு வைத்திருப்பது முக்கியம்தான். அதைவிட, நாம் கவுண்டரில் போய் "கால் புண்ணுக்கு நாலு மாத்திரை குடுங்க" என்று கேட்காமல் இருப்பது முக்கியம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வந்தன. நல்ல காரியம், பாராட்டுகிறேன். மாத்திரை கொடுக்க வருகிறவர் திண்ணையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, "காலைக் காட்டுங்கம்மா" என்று கேட்டு, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்த்துவிட்டுப் போனால் என்ன? மரத்துப்போன காலைக் கண்டுபிடிக்க மெஷின்கூட வேண்டாம். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று போதும். கண்ணை மூடச் சொல்லி, தொட்டால் தெரிகிறதா என்று கேட்க வேண்டியதுதான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு நர்ஸுக்காவது புண்ணை முறையாகச் சுத்தம் செய்யவும், எதைத் தொடாமல் மேலே அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் பயிற்சி கொடுக்க வேண்டும். கட்டுப்போடுவது கடைநிலை வேலை என்ற நினைப்பு நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. மேலே எழுதியதை எல்லாம் யோசித்தால், நியூட்ரோஃபிலுக்கு உண்மையில் உதவி செய்கிற ஒரே ஆள் அந்தக் கட்டுப்போடுகிறவர்தான். அவருக்கு ஊதியமும் மரியாதையும் கூட வேண்டும்.

தொழுநோயாளிகளுக்காகப் பரவிய எம்.சி.ஆர். செருப்பு இப்போது சர்க்கரைக்காரர்களுக்கும் கிடைக்கிறது. மெத்தென்ற கறுப்பு ரப்பர் அடி. பார்க்க அழகாக இருக்காது. கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகக் கூச்சப்படுகிறார்கள். பெரியப்பா முதலில் கூச்சப்பட்டார், இப்போது இல்லை. கோயிலுக்குப் போனால் வெயில் ஏறும் முன்னே போய்விடுகிறார், காலுறையோடு சுற்றுகிறார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் ராத்திரி படுக்கும் முன் அவர் காலை நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். வயதானவர்களுக்குக் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது, பார்த்தாலும் கண் தெரியாது. புண் சின்னதாக இருந்தால் அடுத்த நாளே பி.எச்.சி.க்குப் போங்கள், மாத்திரை கேட்காதீர்கள், சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். செம்மை மேலே ஏறினாலோ, விரல் கறுத்தாலோ, நாற்றமடித்தாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்று ராத்திரியே கும்பகோணம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.